தூவொனெலாவின் அன்னமும் கொற்கைக் குருகும்

பின்லாந்தின் பழங்கதையில் உலகம் பிறந்ததே ஒரு பறவையின் முட்டையிலிருந்துதான். எலியாஸ் லோன்ரோட் நாட்டார் பாடல்களைத் திரட்டி 1835-இலும், விரிவாக்கி 1849-இலும் வெளியிட்ட 'கலேவலா'வில், கூடு கட்ட இடம் தேடி அலையும் நீர்ப்பறவை ஒன்று கடலில் மிதக்கும் வான்மகள் இல்மத்தாரின் முழங்காலில் முட்டையிடுகிறது. முட்டை உருண்டு உடைகிறது. கீழ் ஓடு மண்ணாகிறது, மேல் ஓடு வானாகிறது. இறந்தோர் நாடான தூவொனெலாவின் கரிய ஆற்றில் நீந்துவதும் ஒரு பறவைதான், அன்னம். அதை எய்யப் போன இடத்தில் வீரன் லெம்மின்காய்னன் உயிரை விடுகிறான்.

அந்த அன்னத்தை இசைக்குக் கொண்டுவந்தவர் பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியுஸ். பாதியில் கைவிட்ட ஓர் இசை நாடகத்துக்காக 1893-இல் எழுதியதை 1895-இல் 'தூவொனெலாவின் அன்னம்' ஆக்கினார். அன்னத்தின் குரலை அவர் ஒப்படைத்தது இங்கிலீஷ் ஹார்னிடம். நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் கருவி அது. 1972-இல் அந்நாட்டின் இன்னொரு இசையமைப்பாளர் ரவுத்தவாரா வேறு வழியில் போனார். ஊலு பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவுக்கு இசை கேட்டபோது, வடபுலச் சதுப்புகளில் பதிவு செய்த பறவைக் குரல்களையே தனிப்பாடகர்களாக்கி 'காந்தூஸ் ஆர்க்திகூஸ்' எழுதினார். அதன் நடுப்பகுதியில் ஒரு வானம்பாடியின் குரல் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கி, ஆவி ஒன்று பாடுவதுபோல் கேட்கிறது. ஜாஸிலும் இந்த நாட்டம் உண்டு. பியானோவும் ஹார்ப்பும் வாசிக்கும் ஈரோ ஹார்லா 2005-இல் வெளியிட்ட 'நார்த்பவுண்ட்' தொகுப்பு 'ஏவியன் கிங்டம்' என்ற பறவை அரசோடுதான் தொடங்குகிறது.

இவற்றுக்குப் பக்கத்தில் கொற்கையை வைத்துப் பார்க்கலாம். தாமிரபரணி கொட்டிய வண்டலில் துறை தூர்ந்து, கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, இன்று வயலும் பனையுமாக இருக்கும் ஊர் அது. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. கொற்கை என்றால் முத்து என்றே நாம் பழகிவிட்டோம். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனார் கண்ணில் முத்தோடு பறவையும் பட்டிருக்கிறது. 188-ஆம் பாட்டில் கொற்கைக் கழியில் சிவந்த இறாலைப் புள்ளினம் கூட்டமாக மேய்கிறது. அந்தக் காட்சி இன்றும் பொய்யாகவில்லை. பழையகாயல் முகத்துவாரத்திலும் தூத்துக்குடி உப்பளங்களிலும் பூநாரைகள் வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு இரையை அரித்தெடுப்பதைப் பருவத்தில் போனால் பார்க்கலாம்.

பின்லாந்துப் பறவை எல்லை கடக்கும் பறவை. இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் நடுவே பறப்பதால் அதைப் பற்றிய இசையும் எட்டத்தில் நின்று ஒலிக்கிறது. கேட்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நெய்தல் பறவை அப்படி எங்கும் போவதில்லை. தலைவி அழும் அதே மணலில் நடக்கிறது, அதே புன்னையில் அடைகிறது. பனை மடலில் கூடு கட்டும் அன்றில், துணை பிரிந்தால் உயிர் தரிக்காது என்பது நம் தொன்மம். பிரிந்திருப்பவள் அதன் குரலை இரவில் கேட்டுத் துடிக்கிறாள். அன்றில் அரிவாள்மூக்கன் இனம் என்பது புள்ளியல் தெரிந்தவர்கள் கருத்து. அரிவாள்மூக்கனின் கரகரத்த கூவலைக் கேட்டவர்களுக்கு, பழம்புலவர்கள் அதில் இனிமையைத் தேடாமல் துயரைக் கேட்டது எவ்வளவு சரி என்று விளங்கும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வெள்ளாங்குருகுப் பத்து. அம்மூவனாரின் அந்தப் பத்துப் பாட்டும் ஒரே இரண்டு அடிகளில் தொடங்குகின்றன: வெள்ளாங்குருகின் குஞ்சைக் காணப் போகிறது ஒரு நாரை. குஞ்சு இறந்துவிட்டதென்று போனதா, தன் குஞ்சென்று நினைத்துப் போனதா என்பதில் உரைகாரர்கள் இருவிதமாகச் சொல்வார்கள். மூன்றாம் அடியில்தான் ஒவ்வொரு பாட்டும் தன் வழியில் பிரிகிறது. ஒன்றில் நாரை மிதித்த நெய்தல் பூ கண்போல் மலர்கிறது. இன்னொன்றில் அது செய்வதறியாது கானலில் கதறுகிறது. வேறொன்றில் கோதிய இறகு உதிர்ந்து கிடக்கிறது. அங்கிருந்து தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவிலுள்ள சிக்கல் தனித்தனியாக விரிகிறது. ஜாஸ்காரர்கள் செய்வதும் இதுதானே! எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்துவிட்டு, அதே அடித்தளத்தின் மேல் ஒவ்வொருவரும் தம் கற்பனையை ஓட விடுவார்கள். மறுபடி மெட்டுக்கு வருவார்கள். பின்லாந்துப் பறவை இசைக்கு ஒலியையும் கதையையும் தந்தது. நம் குருகு ஓர் இசை வடிவத்தையே தந்திருக்கிறது.

அந்த வடிவத்தில் இசை அமைக்கப் பண்ணும் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் புள்ளையும் யாழையும் ஒன்றாக வைத்தார். நெய்தலுக்குச் செவ்வழியையும் விளரியையும் சொல்வது மரபு. சிலப்பதிகாரக் கானல்வரியில் மாலைப் பொழுதை நொந்து பாடும் இடத்தில் நுளையர்களின் விளரி வந்துவிடுகிறது. செம்பாலை என்னும் பழம்பண்ணை அரிகாம்போதி என்று கொண்டு, அதில் விளரி நரம்பைக் குரலாக்கி, அதாவது ஆதார சுரமாக்கி, பண்ணுப் பெயர்த்தால் கிடைப்பது தோடி. மேற்கில் அதே சுரவரிசைக்கு ஃபிரிஜியன் என்று பெயர். ஜாஸ் பியானோக்காரர் அன்றாடம் புழங்கும் சுரவரிசை அது. கொற்கைக் கரையின் இரங்கல் பண்ணை அவருக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

தமிழ் வேர் உள்ளவர்கள் ஜாஸில் நன்றாகவே கால் பதித்திருக்கிறார்கள். விஜய் ஐயரும் கிதார்க் கலைஞர் பிரசன்னாவும் 2011-இல் சேர்ந்து தந்த 'தீர்த்தா' ஒரு சான்று. சங்கப் பாடலைச் சிம்பனியோடு இணைத்து ராஜன் சோமசுந்தரம் 2020-இல் 'சந்தம்' தந்தார். இரண்டையும் மதிக்கிறேன். ஆனாலும் பழம்பாட்டின் சொல்லுக்கு மெட்டமைப்பது ஒரு வேலை; அந்தச் சொல் பிறந்த கழியின் ஓசையிலிருந்தே இசையைத் தொடங்குவது வேறொரு வேலை. ரவுத்தவாரா செய்தது இரண்டாவது. பறவையைக் கலைக்குள் கொண்டுவருவதன் பலன் அரங்கோடு நிற்பதுமில்லை. 1950-களில் பின்லாந்தில் அன்னம் அருகிப்போயிருந்தது. யூர்யோ கொக்கோ 1950-இல் அதைப் பற்றி எழுதிய புத்தகம் மக்கள் மனத்தைத் திருப்பியது. இன்று அது அந்நாட்டின் தேசியப் பறவை.

கருவி ஒன்றுதான் மீதி. விபுலாநந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். நம் காலத்தில் தருண் சேகர் யாழை மரத்தில் செதுக்கிக் கையில் கொடுத்துவிட்டார். ஹார்லாவின் ஹார்ப்பும் யாழும் ஒரு குடும்பம். ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஒரு சுரத்தைத்தான் பேசும். கமகம் இல்லாத தோடி தோடியே அல்ல என்று கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் சொல்வார்கள், கச்சேரி மேடைக்கு அது சரி. திறந்த நரம்பில் அசைவின்றி நிற்கும் விளரியோ பியானோவின் ஃபிரிஜியனோடு உரசாமல் சேரும். அதன் மேல் பழையகாயலில் பதிவு செய்த நாரைக் குரலை வைத்து, குருகுப் பத்தைப் போலப் பத்து முறை ஒரே மெட்டில் தொடங்கிப் பத்து வழியில் பிரியலாம். பதிவுக் கருவியோடு போகிறவர்கள் பூநாரை வரும் பருவத்தில் போக வேண்டும். உப்பளத்தில் லாரிகளும் மோட்டார்களும் ஓடத் தொடங்குமுன், விடியலுக்கு முன்பே பாத்தி ஓரத்தில் இருக்க வேண்டும்.