எழுதிய தடையும் எழுதாத தடையும்
பெண்கள் உதைபந்தாட்ட வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

விளையாட்டைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, சரித்திரம் முதற் பக்கத்தில் மட்டுமே நடைபெறுகிறது என்று எண்ணும் பழக்கம் நம்மிற் படித்தவர்களிடையே இன்றும் உண்டு. ஆனால் ஒரு சமுதாயத்தில் யார் உழைக்கிறார்கள், யாருக்கு ஓய்வு கிடைக்கிறது, ஊரின் பொதுநிலம் யார் வசம் இருக்கிறது என்பவற்றை அறிய விரும்புவோர் மாலைப்பொழுதில் ஒரு விளையாட்டு மைதானத்தைப் பார்த்தாற் போதும். ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களில் சரிவெல்லாம் தேயிலை. சமதரை கிடைப்பது அரிது. கிடைத்த சமதரையிற் பந்துதைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. அதே வேளையில் பெண்பிள்ளை பீலியடியிற் குடத்தோடு நிற்பாள். அல்லது தம்பியை இடுப்பில் ஏந்தியபடி, கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் தாயை எதிர்பார்த்து லயத்து வாசலில் இருப்பாள். அவள் பந்து விளையாடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும் அவள் விளையாடுவதில்லை.

சட்டம் போட்டே தடுத்த நாடுகளும் இருந்தன. அங்கே பெண்கள் அந்தச் சட்டத்தை முறியடித்து உலக அரங்குக்கு வந்துவிட்டார்கள். சட்டமே இல்லாத நாடுகளில் பெண்கள் நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்தார்கள். இது முரண்பாடு போலத் தோன்றும். இதன் காரணத்தை ஆராய்வது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயனுடையது என்றே நினைக்கிறோம்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். முதலாம் உலக யுத்த காலத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்தனர். பிரஸ்டன் நகரில் டிக் கெர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் 1917இல் ஓர் உதைபந்தாட்ட அணியை அமைத்தார்கள். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியபோது 53,000 பேர் பார்க்க வந்தனர். காயமுற்ற போர்வீரர்களுக்காக நிதி திரட்டிய வரையில் மேலிடத்தார் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1921இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை மறுக்கப்பட்டுத் தெருவில் நின்றபோது, அவர்களுடைய குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடின. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் திகதி, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தனது அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாதென ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் விதித்தது. ஏறக்குறைய 50 ஆண்டுகள் அந்த விதி நிலைத்தது. காலை ஒடிக்கவில்லை, பந்தைப் பறிக்கவில்லை. தரையை மட்டும் பறித்தார்கள். அதுவே போதுமானதாயிற்று.

பிரேசிலில் அரசாங்கமே நேரடியாகத் தலையிட்டது. கெட்டூலியோ வர்காஸின் சர்வாதிகார ஆட்சியில், 1941 ஏப்ரல் 14ஆம் திகதி பிறந்த 3199ஆம் இலக்க ஆணையின் 54ஆம் பிரிவு, பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகள் பெண்களுக்கு அனுமதிக்கப்படமாட்டா என்று கூறிற்று. எது ஒவ்வாதது என்று முடிவுசெய்தவர்கள் ஆண்களே என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே தேசிய விளையாட்டுக் கழகம் உதைபந்தாட்டத்தைப் பெயர் சுட்டித் தடை செய்தது. பெலே உலகப் புகழ் பெற்ற நாட்டில், பிள்ளைகள் கந்தற் பந்தை உதைத்தே வளர்ந்த நாட்டில், மக்களிற் பாதிப் பேருக்கு அந்த ஆட்டம் குற்றமாயிற்று.

1979இல் தடை நீங்கியது. 1983இல் பெண்கள் ஆட்டத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 1986இல் பிரேசிலின் பெண்கள் தேசிய அணி தனது முதலாவது சர்வதேசப் பந்தயத்தை ஆடியது. 1988இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் நடந்த சோதனைப் போட்டியில் மூன்றாம் இடம் அதற்குக் கிடைத்தது. 1991இல் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ணப் போட்டியிலும் அது கலந்துகொண்டது. 2004, 2008, 2024 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் வெள்ளிப் பதக்கம் வென்றது. 2007இல் உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை சென்றது. மார்த்தா என்ற வீராங்கனை உலகக் கிண்ணப் போட்டிகளில் அடித்த கோல்கள் 17. ஆண், பெண் இரு பாலாரிலும் அந்த எண்ணிக்கையை எட்டியவர் வேறெவரும் அவர் காலத்துக்கு முன் இருந்ததில்லை. 2027ஆம் ஆண்டின் பெண்கள் உலகக் கிண்ணப் போட்டியை நடத்தும் பொறுப்பும் 2024இல் பிரேசிலுக்கு வழங்கப்பட்டது.

அயல்நாடான ஆர்ஜென்டீனாவிலோ கூலிப் பிரச்சினையே முன்னுக்கு வந்தது. அதிகாரபூர்வச் சங்கத்தின் ஆதரவு ஏதுமின்றி 1971இல் மெக்சிகோ சென்ற ஆர்ஜென்டீனப் பெண்கள், அங்கே இங்கிலாந்தை 4-1 என்ற கணக்கில் வென்றார்கள். நான்கு கோல்களையும் அடித்தவர் எல்பா செல்வா. அந்த வெற்றி நாளான ஓகஸ்ட் 21 இப்போது அந்நாட்டில் உதைபந்தாட்ட வீராங்கனைகளின் தினமாகக் கொண்டாடப்படுகிறது. எனினும் 46 ஆண்டுகள் கழிந்து, 2017இல், தேசிய அணி வீராங்கனைகள் தங்களுக்குச் சேரவேண்டிய அற்பப் படிக்காசுகூடக் கிடைக்காமையால் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. 2019இல்தான் உயர்நிலைக் கழகங்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 8 வீராங்கனைகளுக்குச் சம்பள ஒப்பந்தம் கொடுக்க வேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. தேசத்தின் பெயரைச் சட்டையிற் சுமப்பவளும் ஒரு தொழிலாளியே என்பதை அவர்கள் போராடித்தான் நிலைநாட்டினார்கள்.

இனி நமது அண்டை நாடாகிய இந்தியாவுக்கு வருவோம். அங்கே 54ஆம் பிரிவும் இல்லை, மைதானங்களை மூடிய தீர்மானமும் இல்லை. 1975இல் இந்தியப் பெண்கள் உதைபந்தாட்டச் சம்மேளனம் உருவாயிற்று. அது ஆண்களின் அகில இந்தியச் சம்மேளனத்துக்குப் புறம்பாக, பெரும் பொருள்வளம் இன்றி இயங்கிய அமைப்பு. ஆயினும் ஐந்தே ஆண்டுகளில் வியக்கத்தக்க பலனைக் கண்டது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இறுதியாட்டத்தில் ஆடியது. 1981இல் ஹொங்கொங்கில் மூன்றாம் இடம். 1983இல் தாய்லாந்தில் மீண்டும் இறுதியாட்டம். வங்காளத்தின் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்ற முதல் உதைபந்தாட்ட வீராங்கனையானதும் அதே 1983இல்தான். பிரேசிலின் பெண்கள் தேசிய அணி பிறப்பதற்கு முன்பே இந்தியப் பெண்கள் ஆசியாவில் இரண்டாம் இடத்தில் நின்றார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அதன் பின்னர் நடந்தது என்ன? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்கள் ஆட்டம் அகில இந்தியச் சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வந்து சேர்ந்தது. பெரிய வீட்டில் இடம் கிடைத்தது. ஆனால் அது பின்கட்டில் ஒரு மூலையே. சீனாவும் ஜப்பானும் தம் பெண்களைப் பயிற்றுவிக்க நிதியும் திட்டமும் ஒதுக்கிய அதே ஆண்டுகளில், இந்திய அணி கூடுவதும் கலைவதுமாகக் காலங் கழித்தது. 1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீனாவிடம் 0-16 என்று தோற்றது. 2009இல் அதைவிடப் பெரிய அவமானம் நேர்ந்தது. ஒன்றரை ஆண்டு காலமாக ஒரு சர்வதேசப் பந்தயமும் ஆடாத நாடு என்பதால், உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயர் எடுக்கப்பட்டது. தோற்று இறங்குவது வேறு. ஆடவே அனுப்பப்படாமல் மறைந்துபோவது வேறு. எழுதாத தடை என்று நாம் சொல்வது இதைத்தான். பிரேசிலியப் பெண்கள் போராடுவதற்கு ஒரு பிரிவின் இலக்கமாவது இருந்தது. கவனிப்பின்மைக்கு இலக்கம் இல்லை, கையொப்பம் இல்லை, இரத்துச் செய்யவேண்டிய தாளும் இல்லை.

இந்த இருண்ட ஆண்டுகளிலும் ஆட்டம் அழிந்துவிடவில்லை. அதைக் காத்தவர்கள் யார்? முதலிற் குறிப்பிட வேண்டியது மணிப்பூர். 1904இலும் 1939இலும் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் பெண்களே கிளர்ந்தெழுந்த நிலம் அது. இம்பால் நகரின் தாய்ச் சந்தையில் இன்றும் வியாபாரம் நடத்துவோர் பெண்களே. பொது இடத்தில் நிற்க அஞ்சாத பெண்கள் உள்ள சமுதாயம், மைதானத்துக்கும் பெண்களை அனுப்பியது. சிறுமியாக இருந்தபோது ஆண்பிள்ளைப் பெயரைச் சொல்லிப் பையன்களோடு ஆடிப் பழகிய ஒயினம் பெம்பெம் தேவி, பின்னாளில் இந்திய அணியின் தலைவியாகி, 2017இல் அர்ஜுனா விருதும் 2020இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தேசிய வாகையர் பட்டத்தை மணிப்பூர் வென்றது போல வேறெந்த மாநிலமும் வென்றதில்லை.

அடுத்தது தமிழ்நாட்டின் கடலூர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை சூறையாடிய அந்தக் கரையில், பெற்றோரை இழந்த சிறுமிகள் சிலருக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உதைபந்தாட்டப் பயிற்சி கொடுக்கப்பட்டது. கடலூரில் வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் இடம்பெற்றார்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பதவியும் பெற்றார். 2018இல் கட்டாக் நகரில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய வாகை சூடியது. 2019இல் மதுரையின் சேது கழகம் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023இல் அமிர்தசரஸில் தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டத்தைப் பெற்றது. வெற்றி தந்த பிள்ளைகளிற் பலர் செல்வர் வீட்டார் அல்லர். அவர்களுக்குக் கிடைத்தவை மூன்று: ஒரு தரை, ஒரு நேரம், ஒரு வேளை நல்ல உணவு.

2010 முதல் 2019 வரை நடந்த தெற்காசியப் பெண்கள் போட்டிகள் ஐந்தையும் இந்தியா வென்றது. அவற்றுள் ஒன்று 2012இல் நமது கொழும்பிலேயே நடைபெற்றது. பின்னர், 2025 ஜூலை 5ஆம் திகதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தாய்லாந்தையே 2-1 என வென்று, தகுதிச்சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கிண்ணப் போட்டிக்கு இந்தியப் பெண்கள் தேர்வானார்கள். இரு கோல்களையும் அடித்தவர் வங்காளத்தின் சங்கீதா பாஸ்போர். 1983இல் எட்டிய வாசலுக்குத் திரும்பி வர 42 ஆண்டுகள் சென்றன. இத்தனை ஆண்டுகளும் பெண்களின் திறமைக் குறைவால் வீணானவை என்று எவரேனும் சொன்னால், அவருக்கு 1980ஆம் ஆண்டின் கோழிக்கோட்டை நினைவூட்டுவோம்.

ஆசிரியர்கள் தனியே சிந்திக்க வேண்டிய உதாரணம் ஒன்றும் உண்டு. 2022இலும் 2024இலும் தெற்காசிய வாகையர் பட்டத்தை வென்றது வங்காளதேசம். அந்த எழுச்சியின் வேரைத் தேடினால் அது ஓர் ஆரம்பப் பாடசாலையிற் போய் முடிகிறது. 2011இல் அந்நாட்டு அரசாங்கம் ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கென நாடு தழுவிய உதைபந்தாட்டப் போட்டியைத் தொடங்கியது. மைமன்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் என்ற சிற்றூரில், அரசினர் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர் ஏழை விவசாயிகளின் பெண்பிள்ளைகளைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார். வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்கவைப்பதே அத்தகைய முயற்சியின் கடினமான பாதி. அச்சிற்றூரின் பிள்ளைகள் பலர் பின்னர் தேசிய அணியின் சட்டையை அணிந்தார்கள்.

நமது நாட்டிலும் நல்ல அடையாளங்கள் இல்லாமலில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்திற் பெயர் நாட்டியவர்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து அலைந்த ஒரு பாடசாலையின் மாணவிகள் அதைச் சாதித்தார்கள் என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் மலையகத்தின் நிலை என்ன? இங்கே உடல் வலிமை குறைவு என்று யாரும் சொல்லத் துணியார். கூடையைத் தலையில் தாங்கி, மழையிலும் பனியிலும் சரிவேறி இறங்கும் பெண்களின் பேத்திகள் இவர்கள். குறைவது நேரமும் தரையும். தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. கூலி சமமான பின்பும் வேலை சமமாகவில்லை. காலைப் பிரட்டுக்கு முன்னர் அடுப்பு, மாலை நிறுவைக்குப் பின்னர் மறுபடி அடுப்பு. தாயின் அந்தச் சுமையிற் பாதி மகளின் தலையில் இறங்குகிறது. மகளின் மாலைப்பொழுது இவ்வாறு செலவாகிவிட்ட பின், மைதானம் அவளுக்கும் திறந்தே இருக்கிறது என்று சொல்வது கேலிப்பேச்சு. குடிநீர்க் குழாய் லயத்து வாசலுக்கு வருவதும், பிள்ளைமடுவம் ஒழுங்காக நடப்பதும் உதைபந்தாட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரியங்கள் போலத் தோன்றும். உண்மையில் ஒரு வீராங்கனையின் முதற் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

பிரேசிலியப் பெண்கள் ஓர் ஆணையை நீக்கினார்கள்; ஆர்ஜென்டீனப் பெண்கள் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள்; கல்சிந்தூரின் ஆசிரியர் பெற்றோரின் மனத்தை மாற்றினார். ஒவ்வோர் இடத்திலும் பூட்டு வேறு, சாவியும் வேறு. நம்மிடத்திலுள்ள பூட்டு கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே அதைக் காட்டிக்கொடுப்பதே முதற்பணி. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் மைதானம் வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவிகளுக்கு ஒதுக்கப்படுகிறது என்று ஆசிரியர்கள் ஒரு கணக்கு எடுக்கட்டும். அதைப் பெற்றோர் கூட்டத்திலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் வாசிக்கட்டும். எழுதாத தடையை எழுதிக் காட்டினால் அதற்கு ஓர் இலக்கம் கிடைத்துவிடும். இலக்கம் உள்ள தடையை நீக்க மக்களுக்குத் தெரியும்.