பிறப்புறுப்பு ஹெர்பீஸ் ஆய்வில் விலங்கு மாதிரிகள்

பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்றின் போக்கை அறியவும் மருந்து, தடுப்பூசிகளைச் சோதிக்கவும் ஆய்வகத்தில் பயன்படும் விலங்குகள். இந்நோய்க்கு முதன்மைக் காரணமான ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்-2 இயற்கையில் மனிதரிடையே மட்டும் பரவுவது. விலங்குகளுக்கு அது செயற்கையாகவே செலுத்தப்படுகிறது.

கினிப் பன்றி: மனித நோயை மிகவும் ஒத்த மாதிரி. யோனிவழி செலுத்திய வைரஸ் கொப்புளங்களை உண்டாக்கும். அவை ஆறியபின் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பணுத் திரள்களில் ஒடுங்கியிருந்து, தூண்டுதல் இன்றியே மீண்டும் வெளிப்படும். நோய் மீள்வதைத் தடுக்கும் மருந்துகளை இதில் சோதிக்கலாம்.

சுண்டெலி: மெட்ராக்சிபுரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் ஊசி போட்டபின் எளிதில் தொற்றுக்கு ஆளாகும். மரபணு நீக்கிய வகைகள் கிடைப்பதால் நோயெதிர்ப்பு ஆய்வுக்கு ஏற்றது. ஆனால் நோய் தானாக மீள்வது அரிது.

வரம்புகள்: கினிப் பன்றிகளில் நல்ல பாதுகாப்பு அளித்த கிளைக்கோபுரதம்-டி தடுப்பூசி, 8,323 பெண்களிடம் நடந்த வட அமெரிக்கச் சோதனையில் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்-2ஐத் தடுக்கவில்லை (2012). விலங்கில் கிடைக்கும் வெற்றி ஒரு தொடக்கமே.

குரங்குகள்: ஆய்வகத்தில் இவற்றைக் கையாள்வோர் கவனிக்க வேண்டிய வேறொரு வைரஸ் உண்டு: நாட்டுக் குரங்கு உள்ளிட்ட ஆசிய மக்காக் இனங்களுக்கு உரிய ஹெர்பீஸ் பி வைரஸ். குரங்குகளுக்குப் பெரும்பாலும் தீங்கற்ற இது, கடி வழியாக மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. தொற்றினால் உயிர்க்கொல்லி மூளையழற்சியாகலாம். கடிபட்ட இடத்தை உடனே சோப்பு நீரால் நன்கு கழுவி மருத்துவரை அணுக வேண்டும்.

இந்தியச் சட்டம்: விலங்குச் சோதனைகளை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நெறிப்படுத்துகிறது. நெறிக்குழுவின் ஒப்புதல் கட்டாயம். விலங்கின் வலியைக் குறைப்பது ஆய்வாளரின் கடமை.