தோட்டத்து மக்களைக் காத்த புழுங்கலரிசி

மலாயா மண்ணில் தமிழர் வாழ்ந்த வரலாற்றைச் சொல்லுங்கால் பால்மரமும், இரயில் பாதையும், காடு திருத்திய கைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. அம்மக்கள் உண்ட சோற்றின் வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. ஆயினும், உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஓர் அரிய கண்டுபிடிப்புக்கு, நெகிரி செம்பிலான் தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப் பானையும் ஒரு சான்றாக நின்றது.

பெரிபெரி என்னும் கொடுநோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களைப் ‘பெரிபெரி’ என்னும் நோய் வாட்டியது. முதலில் கால் மரத்துப் போகும்; நடை தளரும்; சிலருக்கு உடல் வீங்கும்; முடிவில் இதயம் செயலிழந்து உயிர் பிரியும். ஈய லம்பங்களிலும், சிறைச்சாலைகளிலும், மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கானோர் இந்நோய்க்கு இரையாயினர். இது தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் கருதினர்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றியவர் டாக்டர் பிராடன். அவர் ஒரு புதிரைக் கண்டார். ஒரே வட்டாரத்தில், ஒரே தட்பவெப்பத்தில் மூவின மக்கள் வாழ்ந்தனர். ஈய லம்பங்களில் உழைத்த சீனரிடையே பெரிபெரி மிகுதியாகப் பரவியது. தோட்டங்களிலும் சாலைப் பணிகளிலும் இருந்த தமிழரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. தத்தம் வயலில் விளைந்த நெல்லைக் குத்தி உண்ட கம்பத்து மலாய்க்காரரையும் அது பெரும்பாலும் அண்டவில்லை. மூவரும் சோறு உண்பவரே. எனில் வேறுபாடு எங்கே?

வேறுபாடு அரிசியில் இருந்தது. சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது அவ்வப்போது உரலில் குத்திய அரிசி. தமிழர் உண்டதோ, நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. கடல் கடந்து வந்தபோதும் தமிழர் தம் ஊர்ச் சோற்றின் வழக்கத்தைக் கைவிடவில்லை. இவற்றையெல்லாம் தொகுத்து, பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் விளக்கும் பெருநூல் ஒன்றைப் பிராடன் 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார். பழைய வெள்ளையரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்பது அவர் முடிவு. நஞ்சு என்றது பிழை. அரிசியைச் சுட்டியது சரி.

டுரியான் தீப்புஸ் சோதனை

இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தவர்களுள் முதல்வர் டாக்டர் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905ஆம் ஆண்டின் இறுதி முதல் அவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். வெள்ளையரிசி உண்டவரிடையே பெரிபெரி பரவி, 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

அடுத்த சோதனை நெகிரி செம்பிலானிலேயே நிகழ்ந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள், ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் தீப்புஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலைப் பணி செய்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கினர். ஏறத்தாழ மூன்று திங்களில் வெள்ளையரிசி உண்டவரிடையே நோய் தலைகாட்டியது. புழுங்கலரிசிக்கு மாற்றியதும் பரவுதல் நின்றது. நோய் கண்டவர் தங்கிய இடத்துக்கே மற்றவரைக் குடியேற்றிப் பார்த்தும் அவர்களை நோய் தொற்றவில்லை. இது ஒட்டும் நோயன்று, உணவின் குறையே என்பது தெளிவாயிற்று. அவர்களின் அறிக்கை 1909இல் வெளிவந்தது. 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடும், தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதோடு இந்நோயைத் தொடர்புபடுத்தித் தீர்மானித்தது. அச்சோதனையில் தம் உடலையே ஈடாக வைத்த தொழிலாளரின் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை. அவர்கள் பட்ட துன்பம் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

தவிட்டில் இருந்த உயிர்ச்சத்து

ஜாவாவில் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மன் 1890களிலேயே இவ்வழியில் முன்னோடியாக விளங்கினார். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிட்டியது. ‘வைட்டமின்’ என்னும் பெயரை 1912இல் உலகுக்குத் தந்தவர் காசிமிர் பங்க். பெரிபெரியைத் தடுக்கும் தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய இராபர்ட் வில்லியம்ஸ், ஆந்திரத்து நெல்லூரில் பிறந்தவர்.

இச்சத்து நெல்லின் முளையிலும் தவிட்டிலும் உறைகிறது. அரிசியைத் தீட்டத் தீட்ட அது கழிந்துவிடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அச்சத்தில் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும், அடுப்பேற்றுமுன் கழுவினாலும் முழுதும் போவதில்லை. வைட்டமின் என்னும் சொல் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கைக்கொண்ட முறை இது. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் பருகியதும், மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து விடியலில் நீராகாரத்தோடு உண்டதும், கரைந்துபோகும் சத்தை வீணாக்காத வழக்கங்களே.

சிறு கூலியில் பெருஞ்சிக்கனம்

புழுங்கலரிசி ஒன்றினாலேயே தோட்டத்து மக்கள் நலமாக வாழ்ந்தனர் என்று சொல்வது உண்மையாகாது. மலேரியாவும், வயிற்றுக்கடுப்பும், கொக்கிப்புழுவும், சோகையும் அவர்களை வருத்தின. 1920களின் இறுதியில் நாட்கூலி ஆணுக்கு ஏறத்தாழ 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. 1930இல் இரப்பர் விலை சரிந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது.

இக்கூலியில் குடும்பம் நடத்திய தாய்மார், பருப்பையும் கருவாட்டையும் அளந்து செலவிட்டனர். லயத்தின் பின்புறத்து முருங்கையும், வெண்டையும், கீரைப் பாத்தியும், வளர்த்த கோழியும் ஆடும் சம்பளப் புத்தகத்தில் எழுதப்படாத வருவாய்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942–1945) பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. வயிறு நிறைந்தது, உடல் தேறவில்லை. பெரிபெரி மீண்டும் தலைதூக்கியது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழரையும் காலராவோடு பெரிபெரி வாட்டியது. சோற்றின் அருமையை அத்தலைமுறை அங்ஙனம் கற்றது.

இன்றைய நிலை

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் என நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். புழுங்கற்சோறு ஏழையின் உணவு என்றும், வெண்சோறே மதிப்பு என்றும் எண்ணும் மனநிலையும் புகுந்தது. இன்றைய துன்பம் பெரிபெரியன்று, நீரிழிவு. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதி. புழுங்கலரிசி இதற்கு மருந்தாகாது. எவ்வரிசியாயினும் அளவு மிகுந்தால் தீங்கே. ஆனால் சோற்றைக் குறைத்து, பருப்பும் கீரையும் சுண்டலும் கூட்டுவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. முருங்கைக் கிளை ஒன்றை நட்டால் ஆண்டு முழுதும் கீரை கிட்டும். சீனிநீரை விடுத்து மோர் பருகினால் செலவும் மிஞ்சும்.

தோட்டத்து மாரியம்மன் ஆலயங்களில் ஆடித் திங்களில் வார்த்த கூழும், அன்னதானத்தில் பரிமாறிய பருப்பும் காய்கறியும், கூலி குறைந்தோரும் ஒருநாள் நிறைவாக உண்ண வழி செய்தன. அப்பந்தி இன்றும் தொடர்கிறது. அங்கே புழுங்கற்சோறும், இரு காய்கறியும், ஒரு கீரையும் இடம்பெறுமானால், அது நம் பாட்டன் பாட்டிமாரின் சமையலறைக்குச் செய்யும் நன்றியாகவும், உண்ணும் அன்பரின் உடலுக்குச் செய்யும் தொண்டாகவும் அமையும்.