மூவர் தாங்கிய பட்டம்

கிரிக்கெட் ஆட்டத்தின் சரித்திரத்தில் ஒரே பட்டப்பெயரைப் பலர் தாங்கி நின்றதற்கு உதாரணங்கள் நிரம்ப உண்டு. ‘டைகர்’ என்று அழைக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், இங்கிலாந்தின் விக்கெட் காப்பாளர் ஸ்மித், 27 டெஸ்ட் பந்தயங்களில் 144 விக்கெட்டுகளை வீழ்த்திய ஆஸ்திரேலியச் சுழல் பந்துவீச்சாளர் பில் ஓ'ரெய்லி, ஒரு கண்ணின் பார்வையை மோட்டார் விபத்தில் இழந்து சில மாதங்களே ஆன நிலையில் 1962 ஜனவரியில் சென்னைக் கார்ப்பரேஷன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்த நம் பட்டோடி நவாப் ஆகிய மூவர் உடனே நினைவுக்கு வருகிறார்கள். ஆயினும் அந்த மூவருக்கும் பெயரைத் தவிர வேறொரு சம்பந்தமும் இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது வந்து சேரவும் இல்லை. ‘லிட்டில் மாஸ்டர்’ என்னும் பட்டத்தின் கதையோ முற்றிலும் வேறு. அது பாகிஸ்தானின் ஹனீப் முகமதுவுக்கும், அவருக்குப் பின் சுனில் கவாஸ்கருக்கும், அவருக்கும் பின் சச்சின் டெண்டுல்கருக்கும் உரியதாகி, ஏறக்குறைய ஒரு ராஜபரம்பரையின் விருதைப் போலவே வழிவழியாக வந்தது.

‘மாஸ்டர்’ என்றால் ஹனீப் ஆடிய காலத்து ரசிகர்களுக்கு அது இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸ் ஒருவரையே குறித்தது. முதல்தரப் பந்தயங்களில் அறுபதினாயிரத்துக்கு மேல் ரன் குவித்து, 1953-இல் ஸர் பட்டமும் பெற்ற அம்மேதையின் விருதை வேறொருவருக்கு வழங்க யாரும் எளிதில் துணியமாட்டார்கள். அந்த விருதின் சாயலோடு கூடிய ஒரு பெயரை, தோற்றத்தில் சிறியவராகவும் ஆட்டத்தில் குற்றங்குறை காணமுடியாதவராகவும் விளங்கிய ஹனீபுக்கு உலகம் மனமுவந்து அளித்தது என்றால், அவரிடம் அது கண்ட பெருமை எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஹனீப் பிறந்தது சௌராஷ்டிரத்து ஜுனாகட் சமஸ்தானத்தில், 1934 டிசம்பர் மாதத்தில். தேசப் பிரிவினையின்போது அவருடைய குடும்பம் வீடு வாசலைத் துறந்து கராச்சிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அந்தப் பாலகனுக்கு ஆட்டத்தின் இலக்கணத்தைக் கற்பித்தவர், ‘மாஸ்டர் அஜீஸ்’ என்று மரியாதையுடன் அழைக்கப்பட்ட அப்துல் அஜீஸ் துரானி. பிரிவினை மனிதர்களை எவ்வாறெல்லாம் கூறுபோட்டது என்பதற்கு இந்த ஆசானின் வாழ்க்கையே போதிய சாட்சி. தந்தை கராச்சியில் பாகிஸ்தானுக்காக ஒரு மட்டையாளரை உருவாக்கிக்கொண்டிருக்க, இந்தியாவிலேயே தங்கிவிட்ட மகன் சலீம் துரானி வளர்ந்து இந்திய அணியில் இடம்பெற்று, மேலே நான் குறிப்பிட்ட அதே 1962 சென்னைப் பந்தயத்தில் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தி வெற்றிக்குப் பெருந்துணை புரிந்தார். ஹனீபோ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1952 அக்டோபரில், பாகிஸ்தான் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத்தில், டெல்லி மைதானத்தில், பதினேழு வயது இளைஞராக முதல் மட்டையாளராகவும் விக்கெட் காப்பாளராகவும் இறங்கியிருந்தார்.

அவருடைய கீர்த்தி நிலைபெற்றது 1958 ஜனவரியில், பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரில். மேற்கிந்தியத் தீவினர் 9 விக்கெட் இழப்புக்கு 579 ரன் குவித்தபின், பாகிஸ்தான் 106 ரன்னுக்குள் சுருண்டு, 473 ரன் பின்தங்கி மறுபடியும் ஆட நேர்ந்தது. பந்தயத்தின் ஆறு நாட்களில் பாதிக்கு மேல் மீதமிருந்தன. தலைக்கவசம் என்ற ஒன்றே அறியப்படாத அந்நாளில், கில்கிறிஸ்ட் போன்ற பயங்கர வேகப் பந்துவீச்சாளர்களை எதிர்த்து நின்ற ஹனீப், சுட்டெரிக்கும் வெயிலில் முகத்துத் தோல் உரியும்படியாக 970 நிமிஷங்கள், அதாவது பதினாறு மணி நேரத்துக்கும் அதிகமாக ஆடி, 337 ரன் எடுத்துத் தம் அணியைத் தோல்வியின் வாயிலிருந்து மீட்டார். டெஸ்ட் சரித்திரத்தில் அதைவிட நீண்ட நேரம் யாரும் ஆடியதில்லை. வேகமாக ரன் எடுப்பதையே வீரமெனக் கருதும் இக்காலத்து ரசிகருக்கு இது ஒருவேளை சலிப்பூட்டும் சாதனையாகத் தோன்றலாம். என் மனத்துக்கோ, மட்டையால் மனிதர் புரிந்த காரியங்களில் இதற்கு ஈடு சொல்லத்தக்கது வேறில்லை. தன்னலமே அற்ற அத்தகைய பொறுமையைத் தவம் என்றே சொல்லவேண்டும்.

அடுத்த ஆண்டே, 1959 ஜனவரியில், கராச்சியின் பார்ஸி இன்ஸ்டிட்யூட் மைதானத்தில் பஹவல்பூர் அணிக்கு எதிராக அவர் பிராட்மனின் 452 ரன் என்னும் முதல்தர ஆட்டச் சாதனையையும் கடந்தார். அன்றைய ஆட்டம் முடிய இரண்டே பந்துகள் எஞ்சியிருக்கையில் ஸ்கோர் பலகை அவருடைய எண்ணிக்கையை 496 என்று காட்ட, உண்மையில் 498-இல் நின்ற அவர், அடுத்த பந்தையும் தாமே சந்திக்கும் ஆவலில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி, 499-இல் ரன் அவுட் ஆனார். பலகையில் நேர்ந்த அந்தப் பிழை இன்றளவும் நெஞ்சை உறுத்துகிறது.

ஹனீபின் கடைசி டெஸ்ட் 1969 அக்டோபரில் நடந்தது. 1971 மார்ச்சில், பம்பாயைச் சேர்ந்த இருபத்தோரு வயதுக் கவாஸ்கர் மேற்கிந்தியத் தீவுகளிலே முதன்முதலாக டெஸ்ட் ஆடத் தொடங்கி, நான்கு பந்தயங்களில் 774 ரன் குவித்து, ஹனீபை முன்பு கண்டு வியந்த அதே தீவினரை மறுபடியும் வியக்கச் செய்தார். அவர் டெஸ்டிலிருந்து விடைபெற்றது 1987 மார்ச்சில். பதினாறு வயதுச் சச்சின் அடியெடுத்து வைத்தது 1989 நவம்பரில், அதுவும் ஹனீபின் நகரமாகிய கராச்சியில். இம்மூவரின் டெஸ்ட் வாழ்க்கையில் ஓர் ஆண்டேனும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் விருதுகளை மாறி மாறிப் புனைந்துகொண்டதற்கு அரச நியதி காரணமாயிருந்தது. இங்கே எந்த நியதியும் இன்றி, ஒருவர் இறங்கிய ஆசனத்தில் சற்று இடைவெளி விட்டு மற்றவர் அமர்ந்திருக்கிறார்.

கவாஸ்கருக்கும் சச்சினுக்கும் இடையே ஒரே ஊர் என்ற பந்தமும் இருந்தது. பையனாயிருந்த சச்சினுக்குத் தம்முடைய கால்காப்புகளைக் கவாஸ்கர் அன்பளிப்பாகக் கொடுத்து ஊக்குவித்தார். 1987 நவம்பரில் பம்பாய் வான்கடே மைதானத்தில் இங்கிலாந்துடன் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியே கவாஸ்கரின் கடைசி சர்வதேசப் பந்தயம். அதில் எல்லைக் கோட்டருகே பந்து பொறுக்கிப் போட்ட சிறுவர்களுள் ஒருவர் சச்சின். அதே ஆண்டில் வேகப் பந்துவீச்சாளராக வேண்டுமென்னும் ஆசையோடு சென்னை எம்.ஆர்.எஃப். பயிற்சிக்கூடத்துக்கு வந்த அவரை அங்கே பயிற்சியளித்த டென்னிஸ் லில்லி திருப்பியனுப்பியதை, இந்திய கிரிக்கெட் பெற்ற பெரும்பேறு என்றே கருதுகிறேன்.

சென்னைக்கு இப்பட்டத்தோடு வேறு உறவுகளும் உண்டு. 1983 டிசம்பரில் சேப்பாக்கத்தில், நான்காம் மட்டையாளராக இறங்கிச் சற்று இளைப்பாறலாமென்று எண்ணிய கவாஸ்கர், மேற்கிந்தியத் தீவுகளின் மார்ஷல் வீசிய பந்துகளில் ஒரு ரன்னும் சேராமுன் இரண்டு விக்கெட் வீழ்ந்துவிடவே உடனே களம்புகுந்து, கடைசிவரை ஆட்டமிழக்காமல் 236 ரன் எடுத்தார். பிராட்மனின் 29 சதங்களைக் கடந்த முப்பதாவது டெஸ்ட் சதம் அதுதான்.

இன்று நம் நாட்டில் ‘லிட்டில் மாஸ்டர்’ என்றதும் சச்சினின் முகமே தோன்றுகிறது. மூத்தோர் சிலர் கவாஸ்கரைச் சொல்வார்கள். ஹனீபைச் சொல்வோர் அரிது. சௌராஷ்டிர மண்ணில் பிறந்து, 2016 ஆகஸ்டில் கராச்சியில் கண்மூடிய அம்மனிதரின் பெயர், இடையே ஓர் எல்லைக்கோடு விழுந்தது என்பதற்காக நம் நாவிலிருந்து நழுவிப்போவது நியாயமன்று. பட்டம் அவருடையது, மற்ற இருவரும் அதன் வாரிசுகள். ஆட்டத்தின் மேன்மையை எல்லை பாராமல் போற்றும் பண்பு நம்மவருக்கு இயல்பாகவே உண்டு என்பதை 1999 ஜனவரியில் சேப்பாக்கம் காட்டியது. பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கை நோக்கி, முதுகு வலியால் துடித்தபடியே சச்சின் 136 ரன் எடுத்து, வெற்றிக்கு 17 ரன்னே வேண்டியிருந்தபோது ஆட்டமிழக்க, எஞ்சியவர்கள் மேலும் நான்கு ரன் சேர்ப்பதற்குள் வீழ, இந்தியா 12 ரன்னில் தோற்றது. அன்று மைதானத்தில் கூடியிருந்த சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணியினரைக் கரகோஷம் செய்து வாழ்த்த, வாசிம் அக்ரமும் அவருடைய தோழர்களும் அவ்வாழ்த்தை ஏற்று மைதானத்தை வலம் வந்தார்கள்.