சாளரம் மாற்றும் நெறி: நூற்பாவும் விளக்கவுரையும்

அகலமும் உயரமும் மும்முறை அளந்து
குறைந்தது கொண்டு கூர்ந்திடை கழித்துப்
பழநிலை அறுத்துப் பழஞ்சுவர் பேணிக்
கறையான் களைந்து கீழ்த்தளம் சரித்து
மட்டமும் தூக்கும் மூலையும் ஒப்ப
ஆப்பினில் நிறுத்தி அளவின் முடுக்கி
இடையினை நெகிழ்பொருள் இட்டனர் நிறைத்துப்
புறத்துநீர் தடுத்துப் புகுந்தநீர் போக்கி
வடிதுளை மூடா வகையால்
நிறுத்துவர் சாளரம் நெறியறிந் தோரே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், செங்கற்சுவரில் நெடுநாள் நின்று பழுதுற்ற மரச்சன்னலை நீக்கி, அவ்விடத்தே யுபிவிசிச் சன்னலை நிறுத்தும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. அளந்து, கொண்டு, கழித்து, அறுத்து, பேணி, களைந்து, சரித்து எனத் தொடங்கிப் போக்கி என்பது ஈறாக நின்ற எச்சங்கள் யாவும் 'நிறுத்துவர்' என்னும் ஒரு முற்றினைக் கொண்டு முடிந்தன. எச்சங்களை இங்ஙனம் நிரல்பட அடுக்கியதனால், முன் நின்ற தொழில் முடியாமல் பின் நின்ற தொழில் தொடங்கலாகாது என்பதும் பெறப்பட்டது.

அகலமும் உயரமும் மும்முறை அளந்து என்பது, திறப்பின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்றிடத்தும் அளந்து என்றவாறு. மும்முறை என்றது ஒரே இடத்தை மூன்றுமுறை அளத்தலை அன்று. என்னை? கொத்தனார் கட்டிய திறப்பு எங்கும் ஒரே அளவினதாய் இராது. மேலே 1210 மி.மீ. காட்டும் திறப்பு கீழே 1202 காட்டுதல் பழைய வீடுகளில் இயல்பு.

அற்றேல், பழைய நிலைச்சட்டம் நீக்கப்படாத முன்னரே அளத்தல் எங்ஙனம் கூடும் எனின், நன்று வினாயினாய். பூச்சுக்குப் பூச்சு அளந்து அவ்வளவைத் தொழிற்கூடத்துக்கு அனுப்புதலே பலர் வழக்கம். அது பிழைபடும். பூச்சு சட்டத்தின்மேல் ஏறி நிற்றலின், செங்கல் விளிம்பு அதற்கும் உள்ளே மறைந்து கிடக்கும். ஆதலின், ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி நீக்கிச் செங்கல் விளிம்பைக் கண்டு, அங்கிருந்து அளத்தல் வேண்டும். அதனையும் அடக்கியே 'அளந்து' எனப் பொதுப்படக் கூறினார்.

குறைந்தது கொண்டு என்பது, மூன்றளவினுள் சிறியதனை அளவாகக் கொண்டு என்றவாறு. சராசரி கொள்வாரும் உளர். சராசரிக்குச் செய்த சட்டம் குறுகிய இடத்தில் நுழையாது. நுழைக்க வேண்டிச் சுவரைச் செதுக்கின் பின்வரும் 'பழஞ்சுவர் பேணி' என்பதனோடு மாறுகொள்ளும்.

கூர்ந்திடை கழித்து என்புழி, இடை என்றது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விடப்படும் வெளியை. பக்கத்துக்கு 5 மி.மீ. ஆக அகலத்தில் 10, உயரத்தில் 10 கழிப்பது பெருவழக்கு. 'கூர்ந்து' என்னும் அடை வாளா நில்லாது. யுபிவிசி வெயிலில் நீண்டு குளிரில் குறுகும் பொருள். ஒரு மீட்டர் நீளத்துக்கு வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். ஒன்றரை மீட்டர்ச் சட்டம் விடியற்காலைக்கும் மேற்குவெயிலுக்கும் இடையே 30 பாகை வேறுபடுமாயின், அதன் நீட்சி 3 மி.மீ. ஆகும். வெளி விடாது இறுக்கி நிறுத்திய சட்டம் நடுவே வளையும். நிறம் கருத்த சட்டம் வெண்சட்டத்தினும் மிகச் சூடேறும். அதற்கு இடை சிறிது மிகவேண்டும். வெளி மிகப் பெரிதாயின் திருகாணி சட்டத்தை நன்கு பற்றாது. இவ்விரண்டு எல்லைக்கும் நடுவே நிற்றலே கூர்தல் என்க.

பழநிலை அறுத்துப் பழஞ்சுவர் பேணி என்பதில், நிலை என்றது பழைய மரச்சட்டம். 'பெயர்த்து' என்னாது 'அறுத்து' என்றது நோக்கத்தக்கது. பழைய மரச்சட்டங்கள் ஹோல்டுபாஸ்ட் எனப்படும் இரும்புப் பட்டைகளால் சுவருள் புதைத்துப் பிணிக்கப்பட்டவை. கடப்பாரையால் நெம்பிப் பெயர்ப்பின், பட்டையோடு இரண்டு மூன்று செங்கற்களும் பூச்சின் பெரும்பகுதியும் உடன் வரும். ஆகவே பக்கச்சட்டத்தை நடுவே சாய்வாக அறுத்து, இரு துண்டுகளையும் உள்நோக்கி மடித்து எடுத்தல் முறை. சுவரில் எஞ்சிய இரும்புப்பட்டையைக் கிரைண்டரால் சுவர்மட்டத்துக்குச் சற்று உள்ளே வெட்டி, வெட்டுமுகத்தில் துருத்தடுப்புப் பூச்சு இடல்வேண்டும். இடாவிடின் துரு பருத்துச் சில ஆண்டுகளில் புதுப்பூச்சைப் பிளக்கும்.

பேணி என்றதனால் மேலும் ஒன்று பெறப்படும். லிண்டல் இல்லாப் பழைய வீடுகளில், மேற்சுவரின் பாரத்தில் ஒரு பகுதியை அம்மரச்சட்டமே தாங்கி நிற்றல் உண்டு. மேற்சட்டம் நடுவில் தொய்ந்திருத்தலும், திறப்பின் மூலையிலிருந்து மேல்நோக்கி விரிசல் ஓடுதலும் அதற்கு அடையாளம். அத்தகைய இடத்து முட்டுக் கொடுத்து, லிண்டல் வைத்த பின்னரே சட்டத்தில் ரம்பம் வைத்தல் தகும். யுபிவிசிச் சட்டம் பாரம் சுமத்தற்கு உரியதன்று. அதனுள் இடப்படும் இரும்புக்குழாய் காற்றை எதிர்க்கவே போதும்.

பழைய கிரில் மரச்சட்டத்தில் திருகப்பட்டிருப்பின் சட்டத்தோடு அதுவும் போம். ஆதலின், ஒரு நாளில் முடிக்கத்தகும் சன்னல்களை மட்டுமே அன்று திறத்தல் வேண்டும். இராப்பொழுதில் வீடு திறந்து கிடத்தல் ஆகாது. புதிய கிரில் சுவரையே பற்றி நிற்க.

கறையான் களைந்து என்பது வெளிப்படை போலத் தோன்றினும், கற்பார் பலர் வழுவும் இடம் இதுவே. யுபிவிசியைக் கறையான் தின்னாது. அதனால் இத்தொழில் வேண்டா என்பர். அற்றன்று. சட்டத்தை எடுத்த குழியை விளக்கொளியில் நோக்குக. செங்கல் இடுக்கில் விரல் அகலத்து மண்கோடு ஓடுமாயின், கறையான் சுவருள் வழி அமைத்துள்ளது. சன்னலில் உணவு இல்லாதபோது அது பக்கத்து அலமாரிக்கும் கதவு நிலைக்கும் செல்லும். குழி திறந்திருக்கும் இந்நாளே சுவரில் துளையிட்டு மருந்து செலுத்துதற்கு வாய்த்த நாள். மூடியபின் இவ்வாய்ப்பு வாராது. களைந்து என்றதனால், மண்கோட்டைத் தட்டிவிடுதல் போதாது என்பதும் கொள்க.

கீழ்த்தளம் சரித்து என்புழிக் கீழ்த்தளம், சட்டம் அமரும் அடித்திண்டு. சரித்தல், வெளிப்புறம் நோக்கித் தாழச்செய்தல். நூறு மி.மீ. அகலத்துக்குப் பத்து மி.மீ. தாழ்வு இருப்பின் நீர் தங்காது ஓடும். கிரானைட் பலகை பதிப்போர் உள்ளும் புறமும் ஒரே பலகையாய் மட்டமாகப் பதிப்பர்; காண அழகிது. ஆயினும் சட்டத்தின் அடியில் புகும் நீருக்கு அதுவே உள்வழி. உட்பலகை உயர, வெளிப்பலகை தாழ, இரண்டாய்ப் பதித்தலே இத்தொடரின் கருத்துக்கு இசையும். வெளிப்பலகை சுவரைக் கடந்து நீண்டு, அதன் அடியில் விளிம்பையொட்டி ஒரு பள்ளக்கோடும் பெறல்வேண்டும். இல்லையேல் நீர் பலகையின் அடிமுகத்தைப் பற்றிக்கொண்டு மீண்டும் சுவருக்கே வரும். இக்கோடு நூற்பாவில் இல்லையே எனின், சரித்ததன் பயன் நீர் அகலுதலே ஆகலின் அதுவும் அடங்கும்.

மட்டமும் தூக்கும் மூலையும் ஒப்ப என்பது, ரசமட்டத்தால் கிடையும், தூக்குக்குண்டால் நெடுமையும், குறுக்களவால் மூலையும் ஒத்திருப்ப என்றவாறு. மூலை காண்பதற்கு, எதிரெதிர் மூலைகளுக்கிடையே இரு குறுக்களவும் எடுக்க. 1200 மி.மீ. சதுரச்சட்டத்துக்கு ஒவ்வொன்றும் 1697 ஆகும். ஒன்று 1694, மற்றொன்று 1700 எனின் சட்டம் சாய்சதுரமாயிற்று; கதவின் கொக்கி பற்றாது. மட்டம் தவறிய சட்டத்தில் நழுவுகதவைப் பாதியில் விட்டுக் கையெடுத்தால் தானே உருளும். மூன்றையும் உம்மை கொடுத்து எண்ணினமையால் ஒன்று ஒத்தது கண்டு மற்றவற்றை விடலாகாது.

ஆப்பினில் நிறுத்தி: ஆப்பு ஈண்டு பிளாஸ்டிக் துண்டுகள். மரத்துண்டு நீரேறிப் பருக்கும்; கறையானுக்கும் மீண்டும் உணவாகும். திருகாணி வரும் இடந்தோறும் அதன் அருகே ஆப்பு இருத்தல் வேண்டும். ஆப்பில்லா இடத்துத் திருகின், சட்டம் வெளிக்குள் இழுபட்டுக் குழியும்.

'நிறுத்தி' என்றவர் ஈற்றில் 'நிறுத்துவர்' என்றது கூறியது கூறலாகாதோ எனின், ஆகாது. முன்னது கழற்றித் திருத்தற்கு இடனுடைய நிறுத்தல். பின்னது நிலைபெற நிறுத்தல். இவ்விரண்டுக்கும் இடையே கதவுகளை மாட்டி, ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தல் வேண்டும் என்பது இவ்வேறுபாட்டால் உய்த்துணரப்படும்.

அளவின் முடுக்கி: அளவின் என்றது அளவோடு. மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் திருகாணியும், அதன்பின் 600 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் ஏனையவும் வரும். கலவை மூட்டில் அன்றிச் செங்கல்லின் உடலில் துளை விழல் நன்று. முடுக்குங்கால் ரசமட்டத்தைச் சட்டத்தின் நெடுகப் பொருத்தி வைத்துக்கொண்டே முடுக்குக. சட்டத்துக்கும் மட்டத்துக்கும் நடுவே ஒளிக்கீற்று தோன்றத் தொடங்கின் அரைச்சுற்று பின்வாங்குக. கீழ்ச்சட்டத்தில் கதவு நழுவும் தண்டவாளத்தை ஊடறுத்துத் துளையிடுதல் கூடுமானவரை தவிர்க்கத்தகும். அத்துளை நீர்க்கு வாயில். தவிர்க்க இயலாவிடின் ஆணித்தலையைச் சிலிக்கானால் மூடுக.

இடையினை நெகிழ்பொருள் இட்டனர் நிறைத்து என்பதில் இட்டனர் முற்றெச்சம். இட்டு நிறைத்து எனக் கொள்க. இடை, முன்பு கழித்துப் பெற்ற வெளி. அதனைச் சிமெண்டுக் கலவையால் நிறைப்பின், சட்டம் நீண்டு குறுகுந்தோறும் கலவை விண்டு, சன்னலைச் சுற்றி மயிர்க்கோடு போல விரிசல் காணும். ஆதலின் 'நெகிழ்பொருள்' என்று விதந்தார். அது நுரைத்து விரியும் ஃபோம். இதனை வெளி முழுதும் பீய்ச்சின் விரிந்து சட்டத்தையே உள்ளே தள்ளும். பாதி நிறைய இட்டு, எஞ்சியதை அதன் விரிவுக்கு விடுக. ஃபோம் மழையைத் தடுப்பதன்று. வெயில் படின் மஞ்சளாகிப் பொடியும். அதனாலேயே ஆசிரியர் இவ்வடியோடு அமையாது அடுத்த அடியைக் கூறினார்.

புறத்துநீர் தடுத்துப் புகுந்தநீர் போக்கி. நூற்பாவின் உயிர் இவ்வடியில் உள்ளது. ஏனை அடிகளை மறந்தாரும் இதனை மறத்தல் ஆகாது.

தடுத்தல், சட்டமும் சுவரும் கூடும் வெளிக்கோட்டில் சிலிக்கான் இழுத்தல். ஃபோமுக்கு முன்னே மென்கயிறு செருகி, அதன்மேல் சிலிக்கான் இடுவது சிறப்பு. சிலிக்கான் சட்டத்தையும் சுவரையும் மட்டும் பற்றி, பின்புறம் பற்றாது நிற்றலின், இழுபடுங்கால் கிழியாது. காடி நாற்றம் வீசும் மலிவான சிலிக்கான் சுண்ணமும் சிமெண்டும் உள்ள முகத்தில் நன்கு ஒட்டாது. நாற்றமில்லா வகையே ஈண்டு உரியது. தூசி படிந்த பூச்சின்மேல் எவ்வகைச் சிலிக்கானும் நில்லாது.

இவ்வளவும் செய்தபின் 'புகுந்தநீர்' என்றது என்னை? தடுத்தார்க்கு நீர் புகுதல் எங்ஙனம்? இவ்வினாவை எழுப்பவே ஆசிரியர் இரண்டையும் ஓரடியில் வைத்தார். நழுவுகதவுச் சன்னல் நீரை முற்றும் தடுக்க வல்லதன்று. கதவுகள் நழுவுதற்கு இடைவெளி வேண்டும். அவ்விடைவெளியைத் தூரிகை இழையே மூடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் காற்று நீரை நேரே கண்ணாடிமீது அறையும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சன்ஷேடுகளின் கீழும் மழை கிடையாகவே வந்தது. அத்தகைய பொழுதில் நீர் தண்டவாளத்துள் புகும். சன்னலைச் செய்தோர் இதனை அறிந்தே தண்டவாளத்தைத் தொட்டியாகவும், அதன் வெளிமுகத்தில் சிறு துளைகளை வாயாகவும் அமைத்தனர். ஆகவே புகுதல் குற்றமன்று, தங்குதலே குற்றம் என்பது இவ்வடியின் உட்பொருள்.

வடிதுளை மூடா வகையால் என்பது அவ்வாய்களைக் காக்கும் விதி. மூடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மூடுவார் யாவர்? சிலிக்கான் இழுப்போர் கீழ்க்கோட்டை உயர்த்தி இழுத்து மூடுவர். பூச்சுக்காரர் வெளிப்பலகையை உயர்த்தி மூடுவர். பெயிண்டர் பட்டி பார்க்குங்கால் துளையை ஓட்டையென எண்ணி நிரப்புவர். நீர் கசிகிறதே என்று பின்னர் வந்து, இத்துளையே கசிவுக்குக் காரணமெனக் கொண்டு அடைப்பாரும் உளர். அதன்பின் தண்டவாளம் நிரம்பி உட்சுவரில் வழியும். இதனை ஆராயும் முறை எளிது. தண்டவாளத்தில் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றுக. வெளியே நின்று காண்பார்க்கு, வடிதுளைகளிலெல்லாம் நீர் ஒழுகத் தோன்றி, சரிந்த பலகையில் ஓடி, விளிம்பினின்று சொட்டி நீங்குதல் வேண்டும். இதனைக் கண்ட பின்னரே கூலி கொடுத்தல் முறை. சட்டத்தின்மேல் ஒட்டிய காப்புத்தாளையும் அன்றே உரிக்க. வெயிலில் கிடந்தது பின்னர்ப் பசையோடு காய்ந்து உரியாது.

நிறுத்துவர் சாளரம் நெறியறிந் தோரே என்புழி, சாளரம் செயப்படுபொருள். அறிந்தோர் எனப் பன்மையாற் கூறியது, தச்சர், கொத்தனார், சன்னல் மாட்டுவோர், பெயிண்டர் ஆகிய யாவரையும், இவர்க்கெல்லாம் முன்னின்று வரிசை காக்கும் வீட்டாரையும் உளப்படுத்தற்கு. ஒருவர் அறிந்து மற்றவர் அறியாவிடின் ஒருவர் திறந்து விட்டதை மற்றவர் அடைப்பர் ஆகலின். ஏகாரம் தேற்றம்.