மார்ச் 25: டோல்கீன் என்றால் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மட்டும்தானா?

"படம் பார்த்தாச்சு. ஆனா புத்தகம் ஆயிரம் பக்கத்துக்கு மேல... யாருக்கு நேரம் இருக்கு?"

இப்படி நினைப்பவரா நீங்கள்? கவலை வேண்டாம். ஜே. ஆர். ஆர். டோல்கீன் சின்னச் சின்னக் கதைகளும் எழுதியிருக்கிறார்.

ஏன் மார்ச் 25?

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் கொடியவன் சௌரான் வீழும் நாள் அது. பிரிட்டனின் டோல்கீன் சங்கம் 2003இலிருந்து அதை டோல்கீன் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

● 'ரோவரேண்டம்'
1925இல் இங்கிலாந்தின் ஃபைலி கடற்கரையில் டோல்கீனின் மகன் மைக்கேல் தன் பொம்மை நாயைத் தொலைத்துவிட்டான். அவனைத் தேற்ற அப்பா சொன்ன கதை இது. நிலாவுக்கும் கடலுக்கடியிலும் போய்வரும் ஒரு நாயின் கதை. நூலாக வந்தது 1998இல்தான்!

● கிறிஸ்துமஸ் தாத்தாவின் கடிதங்கள்
1920 முதல் 1943 வரை, கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல் தம் பிள்ளைகளுக்கு டோல்கீன் எழுதியவை. படங்களும் அவரே வரைந்தார். அடிக்கடி ஏதாவது குளறுபடி செய்யும் துருவக் கரடிதான் இதில் கலகலப்பு.

● 'ஃபார்மர் ஜைல்ஸ் ஆஃப் ஹாம்' (1949)
வீரனே இல்லாத ஒரு விவசாயி. எதிரே டிராகன். கொல்வதற்குப் பதில் அதனிடம் பேரம் பேசுகிறார்! சிரிக்க விரும்பினால் இதை எடுங்கள்.

● 'லீஃப் பை நிகிள்' (1945)
ஒன்றே ஒன்றுதான் படிக்க முடியுமா? அப்போ இது. ஒரு மணி நேரம்கூட ஆகாது.

நிகிள் ஓர் ஓவியர். பெரிய மரம் ஒன்றை வரைகிறார். முடிக்க விடாமல் ஆயிரம் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு உதவி கேட்டு வந்துகொண்டே இருக்கிறார். தவிர்க்க முடியாத ஒரு பயணத்துக்கான நாளும் நெருங்குகிறது. படம் முடிந்ததா? அதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிகிளின் பயம் டோல்கீனுக்கும் இருந்தது. 1937இல் தொடங்கிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை முடிப்போமா என்ற கவலையோடுதான் இந்தக் கதையை எழுதினார். அந்தப் பெரிய நூலின் முதல் பாகம் வெளிவர 1954 ஆகிவிட்டது.

பாதியில் நிற்கும் வேலை ஏதாவது உங்களிடமும் இருக்கிறதா? நிகிளை உங்களுக்கு உடனே பிடித்துவிடும்.