தீவு வான்தளங்களில் வானூர்திப் பராமரிப்பு

பெருநிலத்திலிருந்து கடலால் பிரிக்கப்பட்ட படைத்தளங்களில் வானூர்திகளையும், அவற்றைப் பறப்புக்கு ஆயத்தம் செய்யும் இழுவை வண்டி, மின்வழங்கு டிராலி, எரிபொருள் லாரி போன்ற தரைக் கருவிகளையும் பழுதின்றி வைத்திருக்கும் பணி இது. இந்தியாவில் இதற்குரிய முதன்மைக் களம் அந்தமான் நிக்கோபார் தீவுகளாகும். கார் நிக்கோபார் விமானப்படைத் தளமும், போர்ட் பிளேரின் உத்குரோஷ், கேம்பெல் பேயில் 2012இல் தொடங்கப்பட்ட பாஸ் ஆகிய கடற்படை வான்தளங்களும் அங்குள்ளன. இவற்றுக்குப் பெருநிலத்தில் துணைநிற்கும் தளங்களுள் ஒன்று, சேலையூர், மாடம்பாக்கம் குடியிருப்புகளை ஒட்டி அமைந்த தாம்பரம் விமானப்படை நிலையம். விமானப்படைத் தொழில்நுட்பர்களுக்கான இயந்திரவியல் பயிற்சி நிறுவனமும் இங்கேயே இயங்குகிறது.

தீவில் முதற்பகை உப்புக்காற்று. அலுமினியக் கலவைத் தகடும் எஃகுத் திருகாணியும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் சிறு மின்கலம்போல் வினை நிகழ்ந்து அலுமினியம் கரைகிறது. திருகாணித் தலையைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளித்து, சுரண்டினால் வெண்தூள் உதிர்வது இதன் முதல் அறிகுறி. ஆகவே உடற்பகுதி நன்னீரால் கழுவப்படுவதோடு, கடல்மேல் தாழப் பறந்து திரும்பிய எஞ்சினை எரியூட்டாமல் சுழலவிட்டு, அதன் காற்றமுக்கியில் கனிமம் நீக்கிய நீரும் தெளிக்கப்படுகிறது. தரைக் கருவிகள் பெரும்பாலும் எஃகாலானவை என்பதால் இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்றாலும், மின்வழங்கு டிராலியின் இணைப்பு ஊசிகள் பச்சை பூத்துவிட்டால், வெளி மின்சாரத்தை நம்பியிருக்கும் வானூர்தி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தும் கிளம்பாது.

அன்றாடச் சோதனையும் சிறு பழுதுநீக்கமும் தளத்திலேயே முடிந்துவிடும். முழுமையாகப் பிரித்துச் சீரமைக்க ஏ.என்-32 சரக்கு விமானங்கள் கான்பூரிலும், மி வகை ஹெலிகாப்டர்கள் சண்டிகரிலும் உள்ள பழுதுபார்ப்புக் கிடங்குகளுக்குச் செல்ல வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கப்பலோ சரக்கு விமானமோ கடந்தால்தான் உதிரிபாகம் கிடைக்கும் என்பதால், எதை முன்கூட்டியே இருப்பு வைப்பது என்ற கணிப்பே இங்குப் பாதிப் பராமரிப்பு. அந்த வழியும் இடரற்றதன்று: 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் படமெடுத்த சிதைவுகள் அதனுடையவை என 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

பெருநிலத்தைச் சார்ந்திருக்கும் இந்நிலை பேரிடரிலும் வெளிப்பட்டது: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கார் நிக்கோபாரில் விமானப்படையினரையும் குடும்பத்தினரையும் நூற்றுக்கு மேல் பலிகொண்டு, குடியிருப்புகளையும் தளக் கட்டமைப்பையும் அழித்தது. எஞ்சிய ஓடுபாதையில் நிவாரண விமானங்கள் இறங்கின. தொழில்நுட்பர்களை இழந்த அத்தளத்துக்கு ஆட்களும் கருவிகளும் பெருநிலத்திலிருந்தே மீண்டும் கொண்டுசெல்லப்பட்டன.